பொருள்: எழுத்துகளால் ஆன முகத்துக்கு ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

திருநெல்வேலி (யாழ்ப்பாணம்), திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு வரைகலைப் பயிற்சி ஒன்று நடத்துகிறேன். 6 நாள், 22 பிள்ளைகள். கைந்நூல் வியாழன் இரவு அச்சகத்துக்குப் போக வேண்டும். நாலாம் பாடம் எழுதி முடிந்துவிட்டது, தலைப்புத்தான் இல்லை.

விடயம் இதுதான். ஒருவரின் முகப்படத்தை எடுத்து, முழுக்க எழுத்துகளாலேயே அந்த முகம் தெரியும்படி செய்வது. கிட்ட நின்றால் எழுத்து, தள்ளி நின்றால் முகம். முதலில் பின்னணியை வெட்டி நீக்குகிறோம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, இருட்டை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தை வெளிறவிடுகிறோம். அதற்குக் கீழே இன்னொரு படையில் 4 புள்ளி அளவுப் பொடி எழுத்தில் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப ஒட்டிப் பக்கம் முழுவதையும் நிரப்புகிறோம். பிறகு மேலே இருக்கும் படத்தை அந்த எழுத்துகளுக்குள் மட்டும் தெரியும்படி கட்டிவிட வேண்டும். தலைமுடியிலும் கண்ணிலும் எழுத்து கறுத்து நிற்கும். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் தாளின் வெள்ளையோடு கரைந்துவிடும்.

போன முறை ‘புகைப்படத்தை எழுத்தாக மாற்றல்’ என்று பலகையில் எழுதினேன். ஒரு பிள்ளை பைக்குள்ளிருந்து மின்கட்டணச் சிட்டையை எடுத்து, கைபேசியால் படம் பிடித்து, அதிலிருந்த எழுத்தையெல்லாம் பிரித்தெடுத்துக் காட்டினாள். அவளில் பிழை இல்லை. நான் எழுதிய வசனத்துக்கு அதுதான் பொருள்.

அதே வகுப்பில் ஒரு பையன் தன் அம்மம்மாவின் படத்தை, அவ வெளிநாட்டு மகனுக்கு எழுதிய கடித வசனங்களால் செய்தான். முடிந்த பிறகு திரையைப் பெருப்பித்துப் பார்த்தோம். வலக்கண்ணின் ஓரத்தில், சுருக்கம் விழும் இடத்தில், ‘இங்கு யாவரும் சுகம்’ என்ற வரியின் ‘சுகம்’ வந்து நின்றது. அவன் வைத்ததில்லை, தானாக விழுந்தது. அவன் செய்த அந்த வேலைக்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. உதவி செய்யுங்கள்.

யாழ். நகரம், செவ்வாய் காலை

ரீச்சர், நான் அச்சகத்தில் 16 வருடமாகப் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். எங்களுக்கு இந்த வேலை அந்தியேட்டிக் கல்வெட்டுக்குத்தான், அதாவது செத்தவரின் நினைவாக அச்சடிக்கும் சிறு நூலுக்குத்தான், வருகிறது. வெளியிலிருந்து மகனோ மகளோ ஒரு படத்தை அனுப்பி, ‘இதை எழுத்தாலை செய்து முன்பக்கத்தில் போடுங்கோ’ என்பார்கள். எந்த எழுத்து என்று கேட்டால் பெரும்பாலும் சிவபுராணம். 95 அடி. ஒரு முகத்துக்கு அது போதாது, ஐந்தாறு தரம் திரும்ப ஓட்ட வேண்டும்.

சிட்டையில் நாங்கள் எழுதுவது ‘எழுத்துப் போட்டோ’. உங்களுக்குத் தமிழ் வேண்டுமென்றால் எழுத்துப்படம். மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கைந்நூலில் போடுங்கள். பிள்ளைகள் 4 புள்ளி எழுத்தில் செய்வது திரையில் வடிவு. சாதாரண அச்சில் அந்த அளவில் ‘ண்’ணுக்கு மேலே உள்ள குற்று அழிந்துபோகும், ‘ணு’வின் சுழி அடைபட்டு மை பிடித்துவிடும். 6க்குக் கீழே போக வேண்டாம்.

வட்டுக்கோட்டை, செவ்வாய் மதியம்

ரீச்சருக்கும் சபைக்கும் வணக்கம்.

முதலில் ‘புகைப்படம்’. புகையால் எந்தப் படமும் உண்டாவதில்லை, ஒளியால் உண்டாகிறது. மூலச்சொல்லின் கிரேக்கப் பகுதிகள் இரண்டும் ஒளி, எழுத்து என்றே பொருள்படும். ஆகவே ஒளிப்படம். நிழற்படம் என்றாலும் ஏற்பேன். கைந்நூலில் புகைப்படம் ஓரிடத்திலும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி எழுத்து. பழந்தமிழில் எழுதுதல் என்றால் வரைதல், தீட்டுதல். பரிபாடல் 19ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் வருகிறது. இவள் இரதி, இவன் காமன், இவள் அகலிகை என்று வந்தவர்கள் கைகாட்டிக் கேட்கிறார்கள், அறிந்தவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த மண்டபத்துக்குப் புலவர் இட்ட பெயர் ‘எழுத்துநிலை மண்டபம்’. அங்கே எழுத்து என்பது படம். கண்ணுக்கு மை தீட்டுவதும் எழுதுதல்தான். ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்பது 1285ஆம் குறள். மை எழுதும் நேரம் கோலைக் கண் காண்பதில்லை, அவ்வளவு கிட்ட நிற்கிறது. ரீச்சர் ‘கிட்ட நின்றால் எழுத்து, தள்ளி நின்றால் முகம்’ என்று எழுதியதை வாசித்ததும் எனக்கு இந்தக் குறள்தான் ஓடி வந்தது. கிட்ட நிற்பவருக்கு முகம் தெரியாது. மலையாள நாட்டில் நிறப்பொடியால் தரையில் தெய்வ உருவம் இடுவதை இன்றும் களமெழுத்து என்கிறார்கள்.

வரைவதற்கும் வரிவடிவத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழி இது. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் வேறெங்கும் கிடைக்காது. என் முன்மொழிவு: எழுத்தோவியம். ஈற்று உகரம் கெட்டு ஓகாரம் ஏறுகிறது, ஒற்று மிகுமா மிகாதா என்ற சிக்கலே கிடையாது. யாராவது சித்திரத்தைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். சித்திரம் வடசொல். ஓவியம் நம்முடையது. அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கோயம்புத்தூர், செவ்வாய் இரவு

ஐயா, டீச்சர், எல்லாருக்கும் வணக்கம். திறமூல மென்பொருள்களின் பட்டிகளை (மெனு) தமிழாக்கும் பணியில் இருக்கிறேன். இதே சொல் எங்களுக்கும் தேவைப்படுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டியில் இடம் பெறுவது பெரும்பாலும் வினை. ஐயாவின் சொல்லை வினையாக்கினால் ‘எழுத்தோவியமாக்கு’. பொத்தானுக்குள் அடங்காது. ‘எழுத்துப்படமாக்கு’ம் அப்படித்தான். சொல் எதுவானாலும் அதிலிருந்து ஒரு குறு வினை பிறக்க வேண்டும்.

இன்னொன்று. எழுத்து என்று மட்டும் சொன்னால் எண்களும் குறியீடுகளும் வெளியே நின்றுவிடும். இந்தக் கலை வளர்ந்ததே அவற்றை வைத்துத்தான். கணினி எழுத்துகளுக்கான ஆஸ்கி தரத்தில் அச்சாகும் குறிகள் 95, இடைவெளியையும் சேர்த்து. அவற்றில் புள்ளி, நட்சத்திரம், கூட்டல் குறி எல்லாம் உண்டு. எழுத்து, எண், குறி மூன்றையும் சேர்த்துச் சிலர் வரியுரு என்கிறோம். எனவே வரியுருப்படம்.

டீச்சர் ‘படை’ என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் அடுக்கு என்போம். படை என்றதும் இங்கே மாணவர்களுக்குச் சேனை நினைவுக்கு வரும், இல்லையென்றால் தோல் நோய்.

கோண்டாவில், செவ்வாய் பின்னிரவு

வணக்கம். படை பற்றி: எங்கள் பாடநூலில் ஓசோன் படை என்றுதான் படித்தோம். ஒருவரும் வானத்தில் ஆமியைத் தேடவில்லை. அண்ணை, படை இருக்கட்டும்.

நான் எழுத வந்தது வேறு. ரீச்சர் சொல்லும் வேலையும் ஆஸ்கி வேலையும் ஒன்றில்லை, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

பழைய முறையில் எழுத்துதான் நிறம். 1898இல் ஃபுளோரா ஸ்டேசி தட்டச்சுப் பொறியில் வண்ணத்துப்பூச்சி செய்தது அப்படித்தான். 1966இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் நோல்ற்றனும் லியோன் ஹார்மனும் ஒரு ஒளிப்படத்தைக் கணினிக்குள் கொடுத்து, ஒவ்வொரு சிறு கட்டத்தின் இருட்டுக்கும் ஏற்ற ஒரு குறியைப் போட்டு அச்சிட்டார்கள். இருட்டான கட்டத்துக்கு அடர்ந்த குறி, வெளிச்சக் கட்டத்துக்கு ஐதான குறி. எல்லாக் குறியும் ஒரே கறுப்பு மைதான். ரீச்சரின் முறையில் எழுத்துக்குச் சொந்த நிறம் கிடையாது. எழுத்து வெறும் துவாரம். படம் அதற்குள்ளால் எட்டிப் பார்க்கிறது.

முதல் முறையைத் தமிழில் செய்து பார்க்க நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அளவுப் பெட்டிக்குள் வைத்து, கறுப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து வரிசைப்படுத்தினேன். ட, ப, ர எல்லாம் வெளிச்சமான எழுத்துகள். ட இரண்டே கோடு, மூக்கு நுனிக்கு அதைத்தான் போட்டேன். ஞ, ஐ, ணு, ஜ இருட்டு, புருவத்துக்குப் போனது. 247 எழுத்து இருப்பதால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் படிகள் ஆங்கிலத்தைவிட நெருக்கமாகக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அகலம்தான் கெடுத்தது. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். எங்களுக்கு ‘ர’ ஒரு விரல், ‘மௌ’ மூன்று விரல். கொம்பும் ஔகாரக் குறியும் பக்கத்துப் பெட்டிக்குள் போய் விழுகின்றன. முகம் ஒரு பக்கம் இழுபட்டுவிடும். கடைசியில் கொம்பு, கால் வரும் எழுத்துகளை எல்லாம் தள்ளிவிட்டுத்தான் ஒரு முகம் வந்தது. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியைச் செய்தபோது இந்த அகலத்தோடு எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அதனால் முதல் முறைக்கு எழுத்தடர்படம். ரீச்சரின் முறைக்கு எழுத்துச் சாளரம்.

நல்லூர், புதன் காலை

அன்பர்களே, ஒரு பழைய வீட்டின் வாசலில் நின்றுகொண்டு வீடு தேடுகிறோம். தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைத் திறந்து பாருங்கள். சித்திரகவி அங்கே இருக்கிறது. எழுத்தைத் தேர் வடிவில் அடுக்கினால் இரதபந்தம், பாம்பு வடிவில் பின்னினால் நாகபந்தம், முரசின் வார் போல இழுத்துக் கட்டினால் முரசபந்தம். நாகபந்தத்தில் பாம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிற்கும் எழுத்து இரண்டு அடிக்கும் பொது. இப்படி வாசித்தாலும் அது வேண்டும், அப்படி வாசித்தாலும் அது வேண்டும். சம்பந்தர் சீகாழியில் பாடிய மாலைமாற்று முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. எழுத்தை இடமாகவும் உருவமாகவும் பார்க்க எங்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

பந்தம் என்ற பின்னொட்டு எங்களிடம் தயாராக இருக்கிறது. முகத்தை எழுத்தால் கட்டினால் முகபந்தம். கட்டடத்தைக் கட்டினால் மனைபந்தம். பட்டிக்கும் குறுகிய சொல்: ‘பந்தி’. கோயம்புத்தூர் அன்பர் கேட்ட வினையும் அதில் கிடைத்துவிட்டது.

யாழ். நகரம், புதன் மதியம்

ஐயா, கோபிக்க வேண்டாம். முகபந்தம் காதுக்கு நல்லாயிருக்கிறது, ஆனால் எங்கள் மேசைக்கு அது வரவே கூடாது. இந்தப் படம் போவது செத்த வீட்டுக் கல்வெட்டில். அங்கே பந்தம் என்றால் பேரப்பிள்ளைகள் பிடிக்கும் நெய்ப்பந்தம். அம்மாவின் முகத்துக்குக் கீழே ‘முகபந்தம்’ என்று அச்சடித்துக் கொடுத்தால் அந்த மகன் என்னை என்ன கேட்பார்? ‘பந்தி’யும் வேண்டாம். ரீச்சர் முதல் மடலில் பந்தி என்று எழுதியது ஒரு பந்தி வசனத்தை.

மாஸ்டர் சொன்ன எழுத்தோவியத்துக்கும் எங்களிடம் இடைஞ்சல் இருக்கிறது. கல்வெட்டின் மூன்றாம் நாலாம் பக்கத்தில் மகள் எழுதும் கட்டுரை வரும், தாயைப் பற்றி, ஒன்றரைப் பக்கம். அதன் தலைப்பே பல நேரம் ‘மகளின் எழுத்தோவியம்’. முன்பக்கத்தில் ஒரு எழுத்தோவியம், உள்ளே இன்னொன்று. பிழைதிருத்துபவர் எதைக் காட்டுகிறார் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கல்வெட்டு என்று சொல்கிறோம். அதில் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. 32 பக்கம், நடுவில் இரண்டு கம்பி. திதி வெண்பா, தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல். வெளியூர்க்காரர் கேட்டால் குழம்புவார். இங்கே ஒருவரும் கல் எங்கே என்று கேட்டதில்லை. எழுத்துப்படம் என்று நாலு கல்வெட்டில் அச்சடித்துவிட்டால் அதுதான் பெயர்.

நல்லூர், புதன் மாலை

நெய்ப்பந்தத்தை நான் நினைக்கவில்லை. முகபந்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் யோசித்தபோது வேறொரு குறையும் தெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பந்தத்தில் ஓர் எழுத்தைக்கூட இடம் மாற்ற முடியாது, செய்யுள் உடைந்துவிடும். ரீச்சரின் படத்தில் சிவபுராணம் ஓடினாலும் கடித வரி ஓடினாலும் முகம் அதே முகம்தான். எழுத்து கட்டுப்பட்டு நிற்கவில்லை, தூவிக் கிடக்கிறது. ஆகையால் சித்திரகவியின் பெயரை இதற்குக் கொடுப்பது சித்திரகவிக்கும் நியாயமில்லை. அந்தப் பையனின் ‘சுகம்’ மட்டும்தான் பந்தத்துக்குக் கிட்ட வருகிறது.

மானிப்பாய், புதன் இரவு

பிள்ளைகளே, வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் தாதியாக 31 வருடம் வேலை செய்தவள். கணினி வேலை தெரியாது. ஆனால் சொல் பிறந்து சாவது எனக்குத் தெரியும், எங்கள் ஊரிலேயே நடந்தது.

வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார். 1864 முதல் தமிழிலேயே படிப்பித்தார். உடலின் அமைப்புக்கு அங்காதிபாதம், உடல் இயங்குவதற்குச் சுகரணவாதம், நலம் பேணுவதற்கு உற்பாலனம் என்று சொல் வைத்து நூல் செய்தார். அந்தச் சொற்களில் ஒன்றையாவது இன்றைக்கு ஒரு வைத்திய மாணவனிடம் கேட்டுப் பாருங்கள், விழிப்பான். உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்று எல்லாம் மாறிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்தச் சொற்களைப் படித்தவர்கள் தமிழிலேயே படித்து வைத்தியர்களாக வெளியே வந்து ஊர் ஊராக வைத்தியம் செய்தார்கள். கிறீன் ஐயா நிலைக்கும் சொல் கிடைக்கும்வரை பொறுத்திருந்தால் அவர்கள் ஒருவரும் தமிழில் படித்திருக்க மாட்டார்கள். ரீச்சருக்கு வியாழன் இரவு இருக்கிறது.

என் பங்குக்கும் ஒன்று. அம்மா பனையோலைப் பாய் இழைக்கும்போது சாயம் போட்ட ஓலையை இடையிடையே விட்டு மயில் வரப் பண்ணுவா. பாய்க்குக் கிட்டப் போனால் மயில் தெரியாது, சிவத்த ஓலையும் பச்சை ஓலையும்தான் மாறி மாறிக் கிடக்கும். எட்டி நின்றால் கொண்டை, தோகை எல்லாம் வரும். ரீச்சர் சொன்னதை வாசித்தவுடன் அந்தப் பாய்தான் நினைவு. எழுத்தால் இழைத்தது, எழுத்திழை. வினை வேண்டும் என்ற தம்பிக்கு, ‘இழை’ இரண்டே எழுத்து.

கோயம்புத்தூர், புதன் இரவு

அம்மா, ‘இழை’ அருமையான வினை. ஆனால் அதை நாங்கள் ஏற்கெனவே இரண்டு வேலைக்குக் கொடுத்துவிட்டோம். மடல் உரையாடலின் தொடருக்கும் இழை, நிரல் ஓட்டத்தின் கூறுக்கும் இழை. இந்தப் பெயர் பத்து ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் கேட்காமலே எடுத்திருப்பேன்.

வட்டுக்கோட்டை, புதன் பின்னிரவு

மூன்று விடயம்.

ஒன்று, கல்வெட்டுக்குள் வரும் கட்டுரைக்கு எழுத்தோவியம் என்று தலைப்பிடுவது பிழை. சொல்லால் ஒருவரைத் தீட்டினால் அது சொல்லோவியம். அந்தப் பிழையைத் திருத்துங்கள், என் சொல் விடுபடும். பிழையாகக் குடியிருப்பவருக்காக வீட்டுக்காரரை வெளியே அனுப்பக்கூடாது.

இரண்டு, விளங்கும் சொல்தான் வேண்டும் என்றால் வானொலி வந்திருக்காது, தட்டச்சு வந்திருக்காது. முதல் நாள் விளங்காத சொல் மூன்றாம் நாள் விளங்கும். ஆசிரியர் இருப்பது அதற்குத்தான். ரேடியோ என்று எழுதிய கையால் வானொலி என்று எழுதிப் பழகியவர்கள் நாங்கள். மானிப்பாய்த் தங்கச்சி சொன்ன கிறீனின் சொற்கள் அழிந்ததும், அவற்றில் வடமொழி கூடியதால் என்பதே என் கருத்து.

மூன்று, சாளரம் என்று எழுதிய தம்பிக்கு: சிலப்பதிகாரத்தில் ‘மான்கட் காலதர்’ என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். சாளரத்தைவிடத் தெளிவான சொல்.

திருநெல்வேலி, வியாழன் காலை

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு முடிக்க வேண்டும்.

இன்று காலை வகுப்பில் பிள்ளைகளிடம் ஐந்து சொற்களையும் பலகையில் எழுதிக் கேட்டேன். விளக்கம் சொல்லவில்லை. எந்தச் சொல்லைப் பார்த்தால் என்ன வேலை என்று தோன்றுகிறது, எழுதித் தாருங்கள் என்றேன். எழுத்தோவியத்துக்குப் பாதிப் பேர் அழகான கையெழுத்து என்று எழுதினார்கள். எழுத்துப்படத்துக்குப் பலர் எழுத்தைப் படம் பிடித்தது என்று எழுதினார்கள், மின்கட்டணச் சிட்டைக்குத் திரும்பிப் போய்விட்டோம். வரியுருப்படத்துக்கு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. எழுத்திழை என்றதும் ஒரு பிள்ளை நூலால் பெயர் தைப்பது என்றாள். எழுத்துச்சித்திரத்தை நான் கடைசியாகப் போட்டேன். இங்கே அதை யாரும் முறையாக முன்மொழியவில்லை, மாஸ்டர் வேண்டாம் என்று சொன்னதால்தான் அதை எழுதிப் பார்க்கத் தோன்றியது. கூடுதலான பிள்ளைகள் ‘எழுத்தால் கீறின படம்’ என்று எழுதினார்கள்.

காரணம் எனக்கு விளங்குகிறது. முதலாம் வகுப்பிலிருந்தே அவர்களுக்குச் சித்திரப் பாடம், சித்திரக் கொப்பி. மாஸ்டர், ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களும் தமிழ் வாத்திமார்தான். செந்தமிழுக்குப் பக்கத்தில் சித்திரத்தை உட்கார வைத்த வெண்பா அது. அந்தச் சொல்லைப் பிறத்தி என்று வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கோண்டாவில் தம்பி சொன்ன பிரிவு மிகவும் பயன்பட்டது. நாலாம் பாடத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். பொதுப் பெயர் எழுத்துச்சித்திரம். உள்ளே, எழுத்தின் அடர்த்தியால் வருவது எழுத்தடர் முறை. படத்தை எழுத்துக்குள்ளால் காட்டுவது சாளர முறை. வாயால் சொல்லும்போது யன்னல் என்றுதான் சொல்வேன். பறங்கியர் காலத்துச் சொல் என்றாலும் எங்கள் வீட்டில் காலையில் திறப்பது யன்னலைத்தான்.

எழுத்து முகத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து ஓடும் மூன்றாவது முறையையும் சேர்த்திருக்கிறேன். முகப்படத்தின் சாம்பல் பிரதியை நன்றாகக் கலங்கவைத்துத் தனிக் கோப்பாகச் சேமித்து, அதைக் கொண்டு எழுத்துப் படையை இடம்பெயர்க்க வேண்டும். நடுச்சாம்பல் 128இல் எழுத்து அசையாது, அதைவிட இருண்ட இடத்தில் ஒரு பக்கமும் வெளிறிய இடத்தில் மறுபக்கமும் நகரும். அதற்கு முன் எழுத்தைப் படமாக்கிவிடுவதால் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. பிள்ளைகள் இதில்தான் அதிகம் அழுகிறார்கள், அதனால் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். இந்த முறைக்குப் பெயர் வைக்க எனக்கு இனி நேரம் இல்லை. ‘வளைத்தல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

இதுவரை மடலில் சொன்னவர்களையும் தனியாக எழுதியவர்களையும் சேர்த்தால் சித்திரத்துக்கு 6 பேர், ஓவியத்துக்கு 2, படத்துக்கு 1. புகைப்படத்தை எல்லா இடத்திலும் ஒளிப்படமாக மாற்றிவிட்டேன், மாஸ்டர். அதில் எனக்கும் உடன்பாடு. நாலாம் பாடத்தின் இறுதிப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

யாழ். நகரம், வியாழன் மாலை

ரீச்சர், கோப்பு கிடைத்தது. படத்துக்கு வந்த அந்த ஒரு வாக்கு என்னுடையதுதான். பரவாயில்லை, அச்சில் நீங்கள் சொன்னபடியே வரும். சிட்டையில் எழுத்துப்படம் என்றுதான் எழுதுவேன், வாடிக்கையாளர் அப்படித்தான் கேட்கிறார்கள். பெடியன் செய்த அம்மம்மா படத்தைப் பின் அட்டையில் முழு அளவில் போட்டிருக்கிறேன். ‘சுகம்’ மடிப்புக்குள் போகாமல் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தேன். இரவு 9 மணிக்குத் தகடு எடுப்போம். அதற்கு முன் மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.

வட்டுக்கோட்டை, வியாழன் இரவு 8.10

என் கருத்தில் மாற்றம் இல்லை. எழுத்தோவியமே சரி. அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன். இந்தப் பதிப்பில் தடை சொல்லி ரீச்சரின் வேலையை நிறுத்த மாட்டேன்.

இணைத்த பிரதியைப் படித்தேன். 27ஆம் பக்கத் தலைப்பில் ‘எழுத்து சித்திரம்’ என்று பிரித்து, ஒற்று இல்லாமல் வந்திருக்கிறது. வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். எழுத்துச்சித்திரம். நான் ஏற்காத சொல்தான், ஆனாலும் பிள்ளைகள் கையில் பிழையாகப் போகக்கூடாது. 9 மணிக்கு முன் அந்த ‘ச்’சைப் போட்டுவிடுங்கள், தம்பி.